சின்னமுட்டத்திலிருந்து மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு பாய்ப்படகில்: கிளம்பும் முன் சில சந்தேகங்கள்

குளச்சல்_மருமகள்:

வணக்கம். நாங்கள் நாலு பேர்: நான், வீட்டுக்காரர், மகள் (11), மகன் (6). படகு 38 அடி ஃபைபர், ஒற்றைப் பாய்மரம், 1998இல் கட்டியது. நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும். 30 குதிரைத்திறன் டீசல் என்ஜின், 150 லிட்டர் டீசல் டாங்க், ஒரே ஒரு 280 லிட்டர் தண்ணீர் டாங்க். இப்போது கொச்சி போல்காட்டி மரினாவில் கிடக்கிறது. முதல் கட்டம் மாலத்தீவின் வடக்கே உலிகமு. அப்புறம் தீவு தீவாகத் தெற்கே அட்டு வரை, ஏப்ரல் முடிய.

சொந்தக்காரர்கள் எல்லாம் குளச்சல், நாகர்கோவில் பக்கம். வழியனுப்ப வசதியாக டிசம்பர் 10 வாக்கில் படகை கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கொண்டுவந்து, அங்கிருந்தே நேராக மாலத்தீவுக்குக் கிளம்பலாமா? மாமியாருக்கு அதுதான் ஆசை. தண்ணீர், சாமான் எவ்வளவு ஏற்ற வேண்டும்? பழைய படகில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? இரண்டு பெரியவர்கள் மட்டும் என்பதால் இரவுக் காவலும் ஒரு கவலைதான்.

சோழகம்:

முதலில் கெட்ட செய்தி. சின்னமுட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்ப முடியாது. அது மீன்பிடித் துறைமுகம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவும், கஸ்டம்ஸ் காகிதம் முடிக்கவும், துறைமுக விடுப்புச் சீட்டு வாங்கவும் கொச்சி மாதிரி அந்த வசதி உள்ள துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். முத்திரை விழுந்த பிறகு சின்னமுட்டமோ குளச்சலோ எட்டிப் பார்த்தாலும் சிக்கல். சட்டப்படி நீங்கள் நாட்டை விட்டுப் போய்விட்டவர்கள்.

தூரமும் ஒத்துவராது. கொச்சியிலிருந்து உலிகமு சுமார் 263 கடல் மைல். கன்னியாகுமரியிலிருந்து 280க்கு மேல், அதிலும் முனைக் காற்றைத் தாண்டிப் போக வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடையும் கொண்டலும் மன்னார் வளைகுடாவுக்குள் இறுகி முனையில் பிய்த்துக்கொண்டு வரும். கொச்சிப் பக்கம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று காட்டும் நாளில் முனைக்குத் தெற்கே 25 நாட் நிற்பது சாதாரணம்.

டிசம்பர் 10 எனக்குப் பிடிக்கவில்லை. 2017 ஒக்கி நினைவிருக்கும். நவம்பர் 29ஆம் தேதி வெறும் தாழ்வு மண்டலம், மறுநாள் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே புயல். எச்சரிக்கை வரும்போது, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் படகுகள் நடுக்கடலில் இருந்தன. டிசம்பர் முழுக்க வங்காள விரிகுடாவிலிருந்து ஏதாவது ஒன்று குமரிக் கடல் வழியாக மேற்கே நழுவ வாய்ப்பு உண்டு. ஜனவரி இரண்டாம் வாரம் என்று வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பாதையில் வடக்கு, வடகிழக்குக் காற்று 10 முதல் 15 நாட்.

ஆனால் டிசம்பரில் நல்ல நாள் பார்த்து ஒரு சோதனை ஓட்டம் அவசியம் போங்கள். கொச்சியிலிருந்து விழிஞ்ஞம் பக்கம் வரை ஓர் இரவு, திரும்ப ஓர் இரவு. வழியில் நிற்க வேண்டுமென்றால் முன்னாலேயே துறைமுக அலுவலகத்திலும் கடலோரப் போலீசிலும் சொல்லிவிடுங்கள். விழிஞ்ஞத்தில் இப்போது பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வந்து போகின்றன, நுழைவாயிலில் நின்று படம் எடுக்காதீர்கள். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்குள் தலையை நுழைக்கவே வேண்டாம். அங்கே மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அலை உடையும். பழகிய வள்ளங்களே கவிழ்கிற இடம்.

ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வருவதாக இருந்தால் கள்ளக்கடலையும் கணக்கில் வையுங்கள். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் நெடும் அலை வந்து நம் கரையில் ஏறும். இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைக்கு அலை இடைவெளி எத்தனை விநாடி என்று பாருங்கள். 15 விநாடிக்கு மேல் போனால் முட்டம், குளச்சல் மாதிரி திறந்த கரைக்கு எதிரே நங்கூரம் போடக் கூடாது.

ஸ்பேனர்14:

எஞ்சியதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் இரும்பும் டீசலும் மட்டும்.

1998 படகு என்றால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எப்போது மாற்றியது? பதில் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். ஸ்டீல் கம்பிக்கு 10, 12 வருடம்தான் கணக்கு. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். முனையில் கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி மெதுவாக இழுங்கள். நூல் மாட்டினால் ஒரு இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பி போச்சு. அடுத்து, கம்பி வந்து பிடிக்கும் தகடுகள் மேல்தளத்தைத் துளைத்துக் கீழே போகும் இடம். மேலே மின்னும், உள்ளே ஈரம் தேங்கி ஸ்டீல் அரித்துக் கிடக்கும். ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு, குழி இருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

டீசல். துறைமுகத்தில் ஆறு மாதம் நின்ற டாங்கின் அடியில் தண்ணீரும் கறுப்புச் சேறும் இருக்கும். அமைதியான நீரில் என்ஜின் அழகாக ஓடும். வெளியே முதல் அலையில் சேறு கலங்கி வடிகட்டி அடைத்து, சரியாக முகத்துவாரத்தில் வைத்து நிற்கும். பாதிப் பேருக்குப் பயணம் முடிவது இதில்தான். டாங்கின் கை நுழையும் மூடியைத் திறந்து அடிவரை துடைத்து எடுங்கள். முதல் வடிகட்டி 10 மைக்ரான், என்ஜினில் இருப்பது 2 மைக்ரான். முதலாவதில் ஆறு, இரண்டாவதில் மூன்று உபரி வேண்டும்.

வடிகட்டி மாற்றியதும் காற்று எடுக்க இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வடிகட்டியின் தலையில் இருக்கும் சிறு திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, அப்புறம் குமிழி, கடைசியில் குமிழி இல்லாத டீசல். அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள், அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் திரும்பக் காற்று இழுக்கும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி என்ஜினைச் சுற்ற வேண்டும். மரினாவில் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

கொச்சிக்கென்றே ஒரு வில்லங்கம்: ஆகாயத்தாமரை. காயலில் மிதந்து வந்து கடல்நீர் உறிஞ்சும் குழாயை அடைக்கும், அந்தத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், வறண்டு பொடியாகும். கிளம்பும் காலையில் சல்லடையைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் ஓடியதும் பின்னால் எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத் துப்புகிறதா என்று உறுதி செய்யுங்கள். இம்பெல்லர் உபரி மூன்று, பெல்ட் இரண்டு. உடைந்த இம்பெல்லரை மாற்றும்போது இறக்கைத் துண்டுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது குளிர்விப்பான் குழாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

டீசல் கணக்கு: காற்றே இல்லாமல் 263 மைலும் என்ஜினில் போனால் 5.5 நாட்டில் 48 மணி நேரம், மணிக்கு 3 லிட்டர், ஆக 144. உங்கள் டாங்க் 150. மயிரிழையில் இருக்கிறது. 20 லிட்டர் கேன் நான்கு கூடுதலாக, மேல்தளத்தில் ஓரத் தடுப்புக் கம்பிக்கு அருகே கட்டி வையுங்கள்.

தங்கல்:

மேல்தளத்தில் வேண்டாம் ஸ்பேனர் தம்பி. 80 லிட்டர் உயரத்தில் ஏறினால் படகு இன்னும் உருளும், பக்கத்து அலை ஒன்று அடித்தால் கேனோடு கம்பிக்காலும் போகும். பின்பக்கப் பெட்டிக்குள் வைக்கட்டும். ஆவி கூடத்துக்குள் போகாத பெட்டியாக இருந்தால் சரி.

சாமான் விஷயத்தில் தூத்தூர்ப் படகுகள் செய்வதையே எடுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் வெளியே கிடக்கிறவர்கள் அவர்கள். குடிக்கிற தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. உங்கள் 280 லிட்டர் டாங்கில் கடல்நீர் கசிந்தாலோ, கொச்சியில் பிடித்த தண்ணீர் கெட்டாலோ முழுசும் போச்சு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், குடிக்க, சமைக்க. நாலு பேருக்கு 16. மூன்று நாள் பாதை, ஆனால் பாய்மரம் ஒடிந்து மிதந்தால் பத்து நாள் என்று கணக்குப் போடுங்கள்: 160 லிட்டர், எட்டு கேன், டாங்குக்குக் கூடுதலாக. கேனை முட்ட நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் கடலில் விழுந்தாலும் மிதக்கும். பாத்திரம் கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில்.

அரிசி 25 கிலோ போதும். நாளுக்கு ஒரு கிலோ தாண்டாது, மாலத்தீவில் அரிசி கிடைக்கும், சூரை மீனுக்குப் பஞ்சமே இல்லை. கிடைக்காததும் விலை கூடியதும் காய்கறிதான், சின்னத் தீவுகளுக்கு மாலேயிலிருந்து படகில் வர வேண்டும். அதனால் வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய் வத்தல், பருப்பு, சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய் எண்ணெய் இங்கிருந்தே. சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் துவையலும் இருந்தால் ஆடுகிற படகில் வயிறு பிடித்துக்கொள்ளும். அரிசி, பருப்பை இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களில் நாலு வத்தலோடு அடைத்து இறுக்கி மூடுங்கள். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றது தப்பும். அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் ஏறக் கூடாது, மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும்.

பச்சைக் கிழங்கு ஏற்றாதீர்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் மரச்சீனி (மரவள்ளி) உள்ளே கறுத்துவிடும். அவித்துக் காயவைத்தது மாதக்கணக்கில் நிற்கும். மட்டி வாழைப்பழம் முதல் இரண்டு நாளைக்கு மட்டும், காம்பு விட்டு உதிர்ந்துவிடும். ஏத்தன் (நேந்திரன்) காய் வாங்குங்கள், ஒரே குலையாக அல்ல, முற்றல் ஒன்று, இளசு ஒன்று. ஒரே குலை ஒரே நாளில் பழுத்துப் பிள்ளைகளை ஏத்தன் வெறுக்க வைக்கும். முட்டை கழுவாததாக, ஃபிரிட்ஜில் வைக்காததாகக் கேட்டு வாங்கி, தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நாளைக்கு ஒரு முறை திருப்பி வையுங்கள்.

வலை. கொச்சியிலிருந்து முதல் 40, 50 மைல் இரவில் இதுதான் தொல்லை. மிதவலை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும், முனையில் சின்ன மினுக்கு விளக்கோ கொடியோ. ஒரு படகு உங்களை நோக்கி டார்ச்சை ஆட்டினால் கோபம் என்று நினைக்காதீர்கள், வலை எந்தப் பக்கம் என்று காட்டுகிறார்கள். பக்கத்தில் போய் "அண்ணே, வல எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கத்தினால் போதும். பாதிப் படகில் நம்ம ஊர்க்காரன்தான் இருப்பான். படகு வலை மேல் ஏறிவிட்டால் உடனே என்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், பின்னால் எடுக்காதீர்கள். படகைத் தள்ளும் விசிறியில் (புரொப்பெல்லர்) ஒரு சுற்று விழுந்தால் அறுக்கலாம், பத்துச் சுற்று விழுந்து இறுகினால் நைலான் உருகிக் கட்டியாகும். பல் வைத்த ரொட்டிக் கத்தி, நீர்க்கண்ணாடி, இடுப்புக் கயிறு. அலையில் இறங்கினால் படகின் அடிப்பகுதி தலையில் அடிக்கும், அதனால் தலைக்கவசம் போட்டே இறங்க வேண்டும், மேலே ஒருவர் கயிறு பிடித்திருக்க வேண்டும். இரவில் வேண்டாம், பாயில் ஓட்டி விடியட்டும்.

குளச்சல்_மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. தேதியை ஜனவரிக்குத் தள்ளிவிட்டோம். கம்பி எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளருக்கே தெரியவில்லை, ஆக மாற்றுகிறோம். பிள்ளைகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். பையன் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவன். இன்னொன்று, சேட்டிலைட் போன் ஒன்று துபாயிலிருந்து வாங்கி வரச் சொல்லலாமா?

அலைவாய்_நர்ஸ்:

வாந்தி மாத்திரை எது, எவ்வளவு என்பது பிள்ளையின் எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் எழுதித் தர வேண்டியது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை ஆறு வயதுக்கு வேண்டவே வேண்டாம். அவோமின் வகை மாத்திரைகள் சில பிள்ளைகளைத் தூங்க வைக்கும், சிலரைத் தலைகீழாகத் துள்ள வைக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுத்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவே முதல் மாத்திரை. வாந்தி தொடங்கிய பிறகு கொடுப்பது வயிற்றில் நிற்காது.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். உங்கள் முதல் கட்டமே அவ்வளவுதான், அதாவது முழுப் பாதையும் வாந்தியிலேயே போகலாம் என்று எதிர்பார்த்துத் தயாராகுங்கள். பையனைப் படகின் நடுவில், கீழ்த் தளத்தில், கண்ணை மூடிப் படுக்க வையுங்கள், அல்லது வெளியே தொடுவானம் பார்த்து உட்கார வையுங்கள். கூடத்தில் உட்கார்ந்து படம் வரைவதும் போன் பார்ப்பதும்தான் கெடுக்கும். வாந்திக்கு நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி ஓஆர்எஸ். டம்ளரில் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். பாக்கெட் 30 வையுங்கள். தீர்ந்தால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு. எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை, வாய் வறண்டிருக்கிறது, கூப்பிட்டால் மந்தமாக இருக்கிறான் என்றால் திரும்ப வேண்டிய நேரம்.

விழாமல் இருக்க: மேல்தளக் கம்பிகளுக்கு நடுவே வலை கட்டுங்கள், ஆனால் அது பொம்மை விழாமல் இருக்கத்தான், பையன் விழாமல் இருக்க இடுப்புவாரும் கொக்கியும். ஏணிப்படியில் ஏறி தலை வெளியே வரும் முன்னாலேயே கொக்கி மாட்ட வேண்டும், கழற்றுவது கீழே இறங்கிய பின். பெரியவர்களுக்கும் இதே விதி, இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்காது. தளத்தில் நீளவாக்கில் ஓடும் பாதுகாப்பு வார் தட்டையான நாடாவாக இருக்கட்டும். உருண்டைக் கயிறு காலடியில் உருண்டு வழுக்கும். பிள்ளைகளின் மிதவைச் சட்டைக்குத் தொடையிடுக்கு வார் கட்டாயம், அது இல்லாமல் தண்ணீரில் தூக்கினால் சட்டை மட்டும் கையோடு வரும்.

சமையலுக்குக் குக்கர்தான். அலையில் சரிந்தாலும் மூடி திறக்காது. அடுப்பருகே நிற்பவர் முழுக்கால் உடை, செருப்பு. மாலத்தீவில் பவளத்தில் கிழித்த காயம் சின்னது என்று விடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் சீழ் வைக்கும்.

படிப்புக்கு என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது, அது தனிக் கதை.

சோழகம்:

சேட்டிலைட் போனை மறந்துவிடுங்கள். தூரயா, இரிடியம் எதுவானாலும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம், செய்தி அனுப்பும் சின்னக் கருவிக்கும் இதே கதிதான். இரண்டரை நாள் பாதைக்கு அது தேவையும் இல்லை. கிளம்பும் காலையில் எடுத்த முன்னறிவிப்பு உலிகமு வரை தாங்கும். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கினால் மக்கள் வசிக்கும் தீவுகளில் எல்லாம் சிக்னல் கிடைக்கும்.

அவசியமானது 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி, இபிர்ப்; ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்பது. பெங்களூரில் இருக்கும் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் படகின் பெயரில் பதிந்திருக்க வேண்டும், பேட்டரி காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய படகோடு வந்த கருவி பழைய நாட்டின் பெயரிலேயே பதிந்து கிடக்கும், அலறினால் வேறு நாட்டில் போன் அடிக்கும். விஎச்எஃப் (கடல் ரேடியோ), ஏஐஎஸ் (கப்பல்கள் ஒன்றுக்கொன்று இருப்பிடம் காட்டும் கருவி) இரண்டுக்கும் உரிமம் வாங்கி, 419இல் தொடங்கும் இந்திய எண்ணை ஏற்றுங்கள். கரைப் பக்கம் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் போலீசுக்கு 1093.

இனி புறப்படும் நேரம். உலிகமுவில் பவளத்திட்டு கண்ணுக்குத் தெரிய வெயில் உச்சியில் இருக்க வேண்டும், அதாவது காலை 10 முதல் 3 வரை. கொச்சி முகத்துவாரத்தைக் காலை 7 மணிக்குத் தாண்டி 5 நாட்டில் போனால் 53 மணி நேரம், மூன்றாம் நாள் நம் நேரத்துக்கு மதியம் 12, அங்கே 11:30. அருமை. 4.5 நாட் என்றால் மாலை 5 ஆகிவிடும், வெயில் எதிரே அடித்துப் பாறை தெரியாது. அதனால் இரண்டாம் நாள் மதியம் 12 மணிக்கு ஒரு கணக்குப் போடுங்கள்: 145 மைல் ஓடியிருக்க வேண்டும். 135க்குக் கீழே என்றால் என்ஜினைப் போடுங்கள். அதிவேகமாக வந்து இரவிலேயே சேர்வது போல் ஆனால், பாயைச் சுருக்கி வெளியே மெதுவாகக் கிடந்து விடியட்டும். வழியில் மினிக்காய்க்கு ஒதுங்கலாம் என்று திட்டம் வேண்டாம், லட்சத்தீவுக்குத் தனி அனுமதி வேண்டும், பாதையிலிருந்து 65 மைல் வடக்கே வேறு.

உங்கள் திசை தென்மேற்கு, காற்று வடகிழக்கு. அதாவது காற்று நேர் முதுகில். சொகுசு என்று தோன்றும், இல்லை. படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே போகும், சுக்கான் பிடிப்பவர் ஒரு கணம் அசந்தால் பெரிய பாயின் அடியில் இருக்கும் நீளக் கட்டை, பூம், தலைக்கு மேல் மறுபக்கம் விசிறும். மண்டை, பாய்மரம் எது அகப்பட்டாலும் போகும். பூம் முனையிலிருந்து ஒரு கயிற்றை அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) கொண்டுபோய்த் திரும்பச் சுக்கான் பக்கம் இழுத்துக் கட்டுங்கள். நேராக ஓட்டாமல் 25, 30 டிகிரி ஒதுக்கி ஒரு பக்கம் பாதி நாள், மறுபக்கம் பாதி நாள் போனால் உருளல் பாதியாகும், பிள்ளைகளும் தாங்குவார்கள். இப்படிப் போனால் பாதை கொஞ்சம் நீளும், மேலே சொன்ன கணக்கில் மைலை உலிகமுவை நோக்கி எவ்வளவு நெருங்கினோம் என்றே எண்ணுங்கள். கயிறு உரசும் இடங்களை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு அங்குலம் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து அறும். இருட்டும் முன் காற்று எப்படி இருந்தாலும் பாயில் ஒரு மடிப்பு போட்டுச் சிறிதாக்குங்கள்.

காவல்: மூன்று மணி நேரம் ஒருவர், மூன்று மணி நேரம் மற்றவர், முதல் இரவிலிருந்தே. முதல் இரவு ஆர்வத்தில் இருவரும் விழித்திருப்பதுதான் வழக்கமான தப்பு. இரண்டாம் இரவுதான் எட்டு டிகிரி கால்வாய்க் கப்பல் பாதையைக் கடப்பீர்கள், அப்போது இருவருக்கும் கண் செருகும். அந்த இரவு 15 நிமிடத்துக்கு ஒரு அலாரம். 20 நாட்டில் வரும் கப்பல் எட்டு மைலில் கண்ணில் பட்டால் உங்களிடம் வந்து சேர 20, 25 நிமிடம்தான். கடற்படையின் தாரிணி பாய்ப்படகில் புதுச்சேரி ரூபாவும் தில்னாவும் இரண்டே பேராக 2024, 25இல் உலகத்தையே சுற்றிவந்தார்கள் என்று எடுத்துக்காட்டாதீர்கள், அந்தப் படகில் ஆறு வயசுப் பையன் இல்லை.

ஸ்பேனர்14:

கேன் விஷயத்தில் தங்கல் அண்ணன் சொன்னது சரி, பின்பெட்டியே நல்லது. ஒன்று விட்டுப்போச்சு: மாலத்தீவில் நங்கூரம் 20, 30 மீட்டர் ஆழத்தில் போட வேண்டிவரும். 10 மில்லி சங்கிலி 80 மீட்டராவது வேண்டும். எடை கிட்டத்தட்ட 180 கிலோ, எல்லாம் அணியத்தில். அதை ஏற்றிய பிறகு சோதனை ஓட்டம் போங்கள், ஏற்றும் முன் அல்ல. மூக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

குளச்சல்_மருமகள்:

சங்கிலி இப்போது 45 மீட்டர்தான் இருக்கிறது. குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மாமியாரிடம் என்ன சொல்ல?

தங்கல்:

கொச்சிக்குக் கூட்டிப் போங்க. காகிதத்தை முந்தின நாளே முடித்துவிட்டு, விடியலில் கிளம்புவதற்கு அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்க. இரவு எல்லாரும் ஃபோர்ட் கொச்சியில் தங்கட்டும். வெளியே போகிற படகு எதுவானாலும் அந்தக் கடற்கரைக்கு எதிரே வாய்க்கால் வழியாகத்தான் போயாகணும், கரையில் நின்றால் ஆள் முகம் தெரியாவிட்டாலும் பாய் தெரியும். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகும். ஆறரைக்கே வந்து நிற்கச் சொல்லுங்க. கையாட்டும்போது நீங்களும் பதிலுக்கு ஆட்டலாம், ஆனால் சுக்கான் பிடிக்கிறவர் ஆட்ட வேண்டாம், சீனவலைப் பக்கம் ஆழம் குறைவு.